பழைய குடியிருப்பாளர் பெயரில் வரும் தபால்: எதைத் திருப்பலாம், எதைத் திருப்பக்கூடாது

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலோ கல்முனையிலோ ஒரு வீட்டுக்குக் குடிபோன முதல் மாதமே வேறு ஆட்களின் பெயருக்குக் கடிதம் வரத் தொடங்கிவிடும். கையில் எடுத்ததும் ஒன்றைப் பாருங்கள்: இது ஆளுக்கு வந்ததா, வீட்டுக்கு வந்ததா? இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

மாநகர சபையோ பிரதேச சபையோ அனுப்பும் சோலை வரி அறிவித்தல் வீட்டுக்கு வந்தது. அதில் பழைய உரிமையாளரின் பெயர் இருக்கிறது என்பதற்காகத் திருப்பி விடாதீர்கள். அந்த வரி ஆதனத்தின் மேல் விழுவது. உறுதி (வீட்டுப் பத்திரம்) கைமாறினாலும் நிலுவை வளவை விட்டுப் போகாது. உறுதியின் பிரதியையும் அடையாள அட்டையையும் சபையில் கொடுத்துப் பெயரை மாற்றும்வரை அறிவித்தல் பழைய பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். ஆண்டு முழுவதற்குமான தொகையை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 சதவீதக் கழிவு உண்டு. பெயரைப் பார்த்ததும் கடிதத்தைத் திருப்பியவருக்கு அந்தக் கழிவும் கிடைக்காது.

கரண்ட் பில்லும் இப்படித்தான். மீற்றர் பார்ப்பவர் கேற்றில் செருகிவிட்டுப் போகும் தாளில் யாருடைய பெயர் இருந்தாலும், அதிலுள்ள 10 இலக்கக் கணக்கு எண் உங்கள் சுவரிலுள்ள மீற்றருக்கு உரியது. கட்டாமல் விட்டால் வெட்டப்படுவது உங்கள் மின்சாரம். குடிபோகும் நாளிலேயே மீற்றர் வாசிப்பைத் திகதியோடு படமெடுத்து, அதுவரையுள்ள நிலுவையை முன்பிருந்தவரிடமோ வீட்டுக்காரரிடமோ எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டை வாங்கியவர்கள் உறுதியோடு போய்ப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் கணக்கு எண்ணைச் சொல்லிக் கட்டிவந்தால் போதும். விசாரிப்பதற்கு மின்சாரத்துக்கான எண் 1987, நீர் வழங்கல் சபையின் எண் 1939.

மற்றவையெல்லாம் ஆளுக்கு உரியவை. வங்கிக் கடிதம், வைத்தியசாலைக் கடிதம், நேர்முகப் பரீட்சை அழைப்பு, தனியார் பரீட்சார்த்திக்கு வரும் அனுமதி அட்டை, அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகப்போகிறது என்ற அறிவித்தல். இவற்றில் எதுவும் பிரிட்ஜுக்கு மேல் இரண்டு கிழமை கிடக்கலாகாது. யாரோ ஒரு பெண்ணின் தாலிக்கொடி அந்த இரண்டு கிழமைக்குள் ஏலத்தில் போய்விடக்கூடும். கடிதத்தை உடைக்கவும் கூடாது, கிழித்தெறியவும் கூடாது. 1908ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தபாலகக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இயங்குகிற சேவை இது. உறையில் எழுதப்பட்டிருக்கும் ஆளிடம் கடிதத்தைச் சேர்ப்பதுதான் அதன் வேலை. அந்த ஆள் இல்லையென்றால் அனுப்பியவரிடம் அது திரும்பிப் போக வேண்டும்.

திருப்புவதற்கு முத்திரை வேண்டியதில்லை. உறையின் முன்பக்கத்தில் வெற்றிடம் பார்த்து, பேனையால் தெளிவாக இப்படி எழுதுங்கள்:

"இப்பெயருடையவர் இம்முகவரியில் இல்லை. வீடு மாறிச் சென்றுவிட்டார். அனுப்பியவருக்குத் திருப்பவும்."

கீழே திகதி இடுங்கள். கொழும்பு அலுவலகக் கடிதமென்றால், தெரிந்தவரிடம் கேட்டு அதையே சிங்களத்திலும் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது. பெயரையும் முகவரியையும் கறுப்பாக அடித்து அழிப்பதுதான் பலர் விடும் பிழை. அழித்துவிட்டால் யாருடைய கடிதம் திரும்பி வந்தது என்று அனுப்பிய வங்கிக்கே விளங்காது. அடுத்த மாதமும் அதே கடிதம் வரும். முகவரியின் மேல் மெல்லிய கோடு ஒன்று போட்டால் போதும். பதிவுத் தபாலென்றால் பட்டைக்கோட்டின் மேல் எழுத வேண்டாம். எழுதிய உறையைத் தபால்காரரின் கையில் கொடுங்கள், அல்லது கிட்டவுள்ள உப தபாலகத்தில் கொடுங்கள். அனுப்பியவரின் முகவரி வெளியில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. அதைக் கண்டுபிடிக்க உறையைத் திறக்கும் அதிகாரம் தபால் திணைக்களத்துக்கு மட்டும் உண்டு.

புதிய முகவரி தெரிந்திருந்தால் அதையே எழுதிவிடலாம், தபால் குறியீட்டு எண்ணோடு: மட்டக்களப்பு 30000, காத்தான்குடி 30100, கல்முனை 32300. தொலைபேசி எண் இருந்தால் உறையின் வெளிப்புறத்தை மட்டும் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். ஊர்க் குழுமத்தில் போடாதீர்கள். அடகுக் கடிதம் ஒருவரின் மானப் பிரச்சினை. தெரியாமல் உடைத்துவிட்டால் ஒட்டி, "தவறுதலாகத் திறக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஆள் இறந்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் "காலமானார்" என்றே எழுத வேண்டும். வீடு மாறியவருக்கும் காலமானவருக்கும் வங்கியில் நடக்கும் வேலை வெவ்வேறு.

பதிவுத் தபாலுக்கு மட்டும் கையொப்பமிட்டு வாங்கவே கூடாது. "பக்கத்தில்தான் இருக்கிறார், கொடுத்துவிடுகிறேன்" என்று நல்லெண்ணத்தில் வாங்குவார்கள். அந்தக் கையொப்பத்தோடு கடிதம் சேர்ந்துவிட்டதாகப் பதிவாகிவிடும். பிறகு அவர் "எனக்குக் கிடைக்கவில்லை" என்று சொன்னாலும் நிரூபிப்பது கஷ்டம்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு விடயம் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் பெண் பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் சிறு வீடு கட்டி ஒதுங்குவது வழக்கம். ஒரே இலக்கத்தில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும். மணமாகி மனைவி வீட்டுக்குப் போன மகனின் கடிதம் தாய் வீட்டுக்கே வரும். காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் ஒரே வீதியில் ஒரே பெயர்க்காரர் பலர் இருப்பார்கள். ஆகவே "இல்லை" என்று எழுத முன் முதலெழுத்துக்களைப் படியுங்கள், வளவுக்குள் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு திராய்மடு போன்ற மீள்குடியேற்றங்களுக்குப் போனவர்களின் பழைய கரையோர முகவரிக்குக் கடிதம் வந்தால், அயலில் விசாரித்தாலே பெரும்பாலும் ஆள் கிடைப்பார்.

தேர்தல் காலத்தில் முன்பிருந்தவரின் வாக்காளர் அட்டை வந்தால் உடனே தபால்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். அட்டை இல்லாமலும் அடையாள அட்டையைக் காட்டி அவர் வாக்களிக்கலாம். ஆனால் அடுத்தவர் வீட்டில் கிடக்கும் அட்டை வம்பு. அது வருகிறதென்றால் அவர் பெயர் உங்கள் முகவரியில் வாக்காளர் இடாப்பில் இன்னும் இருக்கிறது. இடாப்பு மீளாய்வுக்காகப் படிவத்தோடு கிராம உத்தியோகத்தர் வரும்போது அதைச் சொல்லுங்கள்.

லீசிங் கம்பனிக்காரர் பழைய ஆளைத் தேடி வாசலுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். அவருடைய கடன் உங்களுடையதல்ல. வாடகை உடன்படிக்கையின் அல்லது உறுதியின் பிரதியைக் காட்டுங்கள். கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழும் உதவும். திருப்பியும் கடிதம் நிற்கவில்லையென்றால், "இன்ன திகதியிலிருந்து இங்கு இருப்பது நாங்கள்" என்று அந்தக் கிளைக்குப் பதிவுத் தபாலில் எழுதி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டுப் போகிறவருக்கும் ஒரு வேலை உண்டு. தன் கடிதங்களைப் புதிய முகவரிக்கு அனுப்பும்படி, பழைய முகவரிக்குரிய தபாலகத்தில் தபாலதிபருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்: குடும்பத்தில் கடிதம் வரக்கூடிய ஒவ்வொருவரின் முழுப்பெயர், பழைய முகவரி, புதிய முகவரி, மாறும் திகதி, கையொப்பம். குடும்பத் தலைவரின் பெயரை மட்டும் எழுதினால் மகளின் பரீட்சைக் கடிதம் பழைய வீட்டுக்கே போகும்.