வயலை விட்டுத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

ஆற்று நீரைக் காக்க விவசாயிகளுக்கு மானியம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கரையோரம் புல் வளர்ப்பதுதான். நல்ல யோசனைதான். மழைநீர் பரவலாக, மெல்ல வடிந்து வந்தால் புல் அதன் வேகத்தைக் குறைக்கும். மண் அங்கேயே படியும், மண்ணோடு ஒட்டிவரும் பாஸ்பரஸும் (உரத்தில் இருக்கும் சத்து, நீரில் சேர்ந்தால் பாசியை வளர்க்கும்) தங்கிவிடும். ஆனால் தண்ணீர் ஒரு பள்ளத்தில் திரண்டு, கரையை அறுத்துக்கொண்டு ஓடினால் பக்கத்தில் எவ்வளவு அகலத்துக்குப் புல் இருந்தும் பயனில்லை.

அதனால் மண்வளப் பாதுகாப்பு வேலையில் ஒரு வயலைப் பார்க்க மழைக்கு மறுநாள் போவதையே விரும்புவேன். வண்டல் எங்கே விசிறியாகப் படிந்திருக்கிறது, சருகும் தாளும் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கின்றன என்பதெல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியும். "எப்பவும் இந்த மூலையிலதான் உடைச்சுக்கிட்டுப் போகும்" என்று விவசாயியே காட்டிவிடுவார். ஏக்கர் கணக்கில் எல்லோருக்கும் சமமாகப் பணத்தைப் பிரிப்பதைவிட, அந்த மூலையில் செலவழித்தால் ஆற்றுக்கு நல்லது.

சரி, மண்ணைப் பிடித்து நிறுத்திவிட்டால் போதுமா? வட அமெரிக்காவின் ஈரி ஏரியில் அது போதவில்லை. 1972இல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தம் போட்டு, ஏரிக்கு வரும் பாஸ்பரஸைக் குறைக்கத் தொடங்கின. சாக்கடை சுத்திகரிப்பு, சலவைத்தூளில் கட்டுப்பாடு, அப்புறம் விவசாயிகள் உழவைக் குறைத்தது என எல்லாம் சேர்ந்து ஏரி தெளிந்தது. சில பத்தாண்டுகளில் பாசி திரும்பி வந்தது. 2014 ஆகஸ்டில், ஏரித் தண்ணீரைக் குடிக்கும் ஒஹையோ மாநில டொலிடோ நகரின் குடிநீரில் பாசி நச்சு கலந்துவிட, குழாய்த் தண்ணீரைத் தொண்டையில் இறக்க வேண்டாம் என்று ஏறக்குறைய ஐந்து லட்சம் பேருக்கு அறிவித்தார்கள். காய்ச்சியும் குடிக்க முடியாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வற்றி நச்சின் செறிவுதான் கூடும்.

அந்த ஏரியில் விழும் மௌமீ ஆற்றுப் படுகையில் வயல்களுக்கு அடியில் வடிகால் குழாய்கள் பதித்திருக்கிறார்கள். உழாத நிலத்தில் மேலாகத் தூவிய உரம் மேல்மண்ணிலேயே தங்குகிறது. பெருமழையில் அது கரைந்து, மண் வெடிப்பிலும் மண்புழுத் துளையிலும் இறங்கிக் குழாய்க்குள் போய்விடுகிறது. கரையோரப் புல்லுக்கு அடியில் ஓடி நேராக வாய்க்காலில் விழுகிறது. பாசி திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம்.

2015இல் ஒஹையோ மாநிலம், உறைந்த நிலத்திலும் நீர் தேங்கிய நிலத்திலும் உரம் தூவுவதை அந்தப் படுகையில் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது. 2019இல் வந்த எச்2ஒஹையோ திட்டம், மண் பரிசோதனைப்படி உரத் திட்டம் வகுப்பதற்கும், உரத்தை மண்ணுக்குள் இடுவதற்கும், வடிகால் நீரைத் தேக்கிவைக்கும் அடைப்புகளுக்கும் பணம் தருகிறது. என்னைக் கேட்டால் முதல் பணம் மண் பரிசோதனைக்குத்தான் போக வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஒரு மூட்டை போடுவது விளைச்சல் குறையுமோ என்ற பயத்தால். கையில் பரிசோதனை முடிவு இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

பலன் தெரிய நாளாகும். பல காலமாக மண்ணில் சேர்ந்த பாஸ்பரஸ், உரத்தைக் குறைத்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கசியும். மூன்று ஆண்டு மானியம் கொடுத்துவிட்டு, ஆறு மாறவில்லை என்று திட்டத்தை மூடுவது நியாயமில்லை. ஆற்றில் மட்டும் பார்க்காமல் வடிகால் வாயிலேயே மாதிரி எடுங்கள், அதுவும் கனமழை நேரத்தில். சத்து பெருமளவு வெளியேறுவது சில பெருமழைகளில்தான். வெயில் நாளில் நிரப்பிய பாட்டிலில் அது சிக்காது.