எந்த ஆபிஸ் மென்பொருள் பேசும்?

"தம்பி, காசு கட்டாத ஆபிஸ்ல எது நல்லா பேசும்?" என்று போனில் கேட்டார் அந்த அக்கா. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். பிறவியிலேயே பார்வை இல்லை. லேப்டாப்போடு வந்த ஆபிஸ் மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது. கோப்பைத் திறக்க விடுகிறது, திருத்த விடவில்லை. காலாண்டு வினாத்தாளை நான்கு நாளில் அனுப்பியாக வேண்டும்.

அவர் கேட்ட "பேசும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. பார்வையற்றவர் முழுதாக வேலை செய்யும் அளவுக்கு எந்த ஆபிஸ் மென்பொருளும் தானாகப் பேசாது. பேசுவது திரைவாசிப்பான்: விண்டோஸில் என்விடிஏ அல்லது ஜாஸ், லினக்ஸில் ஓர்கா, மேக்கில் வாய்ஸ்ஓவர். ஆனால் திரைவாசிப்பானுக்குக் கண் கிடையாது. ஆபிஸ் மென்பொருள் எதைச் சொல்லிக் கொடுக்கிறதோ அதைத்தான் அது வாய்விட்டுச் சொல்லும். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு மென்பொருள்களில் ஒன்று தெளிவாகப் பேசுவதும் மற்றது ஊமையாக நிற்பதும் இதனால்தான்.

டாஸ் காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. திரை என்றால் 25 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 2,000 எழுத்தும் நினைவகத்தில் எழுத்தாகவே உட்கார்ந்திருந்தன. திரைவாசிப்பான் நேரே போய் எடுத்துப் படித்துவிடும். விண்டோஸ் வந்ததும் எழுத்தெல்லாம் படமாகிவிட்டது. திரையில் தெரியும் 'அ' கணினிக்கு வெறும் புள்ளிக் கூட்டம். அன்றைய திரைவாசிப்பான்கள் "இந்த இடத்தில் இந்தச் சொல்லை வரை" என்று மென்பொருளிடமிருந்து திரைக்குப் போகும் கட்டளைகளை நடுவழியில் ஒட்டுக்கேட்டு, தமக்குள்ளே ஒரு நிழல் திரையை உருவாக்கி வைத்துக்கொண்டன. பெரிய உழைப்பு. வரையும் முறை கொஞ்சம் மாறினாலும் நிழல் கலைந்துவிடும்.

1997இல் மைக்ரோசாஃப்ட் ஆக்டிவ் அக்சசிபிலிட்டி என்ற ஏற்பாடு வந்தது. ஒட்டுக்கேட்பதை விட்டுவிட்டு, மென்பொருளிடமே நேரில் கேட்டுவிடலாம் என்பதுதான் அதன் யோசனை. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தன் பெயர் என்ன, தான் எந்த வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறேன், என்னிடம் உள்ள மதிப்பு என்ன என்று பதில் சொல்ல வேண்டும். உதாரணமாக: பெயர் போல்டு, வகை பொத்தான், நிலை அழுத்தப்பட்டது. சன்னலுக்குள் டூல்பார், டூல்பாருக்குள் பொத்தான் என்று இவை ஒரு மரம் போலக் கிளை விட்டிருக்கும். நீங்கள் டேப் விசையைத் தட்டினால் "கவனம் இங்கே வந்துவிட்டது" என்று மென்பொருள் ஒரு சேதி அனுப்பும். திரைவாசிப்பான் அந்தக் கிளையிடம் விசாரித்துப் படிக்கும்.

விண்டோஸ் தானே தருகிற சாதாரணப் பொத்தான், எழுதும் பெட்டி போன்றவற்றுக்கு இந்தப் பதில்கள் இலவசமாகவே கிடைத்துவிடும். ஆபிஸ் மென்பொருள்களோ பக்கம், ரூலர், கட்டம் எல்லாவற்றையும் தாங்களே வரைந்துகொள்கின்றன. வரைந்தவர்தான் பதிலும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் திரைவாசிப்பானுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இதன் விலை என்ன என்பதை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2005இல் பார்த்தது. அரசு ஆவணங்களை ஓப்பன்டாக்குமென்ட் என்ற பொது வடிவத்துக்கு மாற்றிவிடுவது என்று அந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவு முடிவெடுத்தது. கெடு 2007 ஜனவரி. ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்துக்குள் அரசு சிக்கிக்கொள்ளக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதுதான். ஆனால் எதிர்ப்பு மாற்றுத்திறனாளிகளிடமிருந்து வந்தது. அன்று திரைவாசிப்பானோடு உருப்படியாக வேலை செய்தது மைக்ரோசாஃப்ட் ஆபிஸ். பொது வடிவத்தைக் கையாண்ட ஓப்பன்ஆபிஸ் என்ற இலவச ஆபிஸ் விண்டோஸில் பேச வேண்டுமென்றால் ஜாவாவை நிறுவி, ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் என்ற பாலத்தையும் போட வேண்டும். சுதந்திர மென்பொருள் வருகிறது என்று எல்லாரும் மகிழ்ந்துகொண்டிருக்க, பார்வையற்ற ஊழியர்களுக்கு அது வேலையே போகும் விஷயமாகத் தெரிந்தது. சுதந்திர மென்பொருளை விரும்புகிறவன் என்ற முறையில் எனக்கு இது முக்கியமான பாடம். அவர்கள் கேட்டது முழுக்கச் சரி.

நல்ல விளைவும் இருந்தது. 1997இல் வந்த அந்த மைக்ரோசாஃப்ட் ஏற்பாட்டில் பொத்தானைப் பற்றிச் சொல்ல வழி இருந்ததே தவிர, நீளமான எழுத்தைப் பற்றிச் சொல்ல வழி போதவில்லை. கர்சர் எந்த எழுத்தில் நிற்கிறது, இந்தச் சொல் தடித்த எழுத்தா, இந்தக் கட்டம் அட்டவணையில் எத்தனையாவது வரிசை என்பதெல்லாம் ஒரு ஆவணத்துக்கு உயிர்நாடி. அந்தக் குறையை நிரப்ப ஐபிஎம் 2006இல் ஐஅக்சசிபிள்2 என்ற விரிவாக்கத்தைப் பொதுவில் வெளியிட்டது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் என்விடிஏவை எழுதத் தொடங்கியதும் அதே 2006இல்தான்; அவரைப் போலவே பார்வையற்றவரான ஜேம்ஸ் தே அதில் சேர்ந்துகொண்டார். இலவசத் திரைவாசிப்பானும் இலவச ஆபிஸும் சந்தித்துக்கொள்ள அப்புறமும் எட்டு வருடம் ஆனது. ஐபிஎம் லோட்டஸ் சிம்பொனி என்ற தன் ஆபிஸ் மென்பொருளுக்காகச் செய்திருந்த வேலையைக் கொடையாகக் கொடுக்க, 2014இல் ஓப்பன்ஆபிஸின் வழிவந்த அப்பாச்சி ஓப்பன்ஆபிஸ் 4.1, லிப்ரேஆபிஸ் 4.3 இரண்டிலும் அது வந்து சேர்ந்தது. ஜாவா பாலத்துக்கு வேலை இல்லாமல் போனது.

இந்த இரண்டில் எது என்று கேட்டால் தயங்காமல் லிப்ரேஆபிஸ் என்பேன். திரைவாசிப்பானோடு ஒத்துப்போகாத அணுகல்தன்மைப் பிழைகள் அதில்தான் இன்றும் தொடர்ந்து திருத்தப்படுகின்றன. மெனுக்கள் பழைய பாணியில் ஆல்ட் விசையோடு திறக்கும். எஃப் 6 தட்டினால் மெனு, டூல்பார், ஆவணம் என்று பகுதி பகுதியாகத் தாவலாம். எஃப் 5 தட்டினால் நேவிகேட்டர் வரும். தலைப்புகளின் பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்து என்டர் தட்டினால் கர்சர் அங்கே போய் நிற்கும். 7.0 பதிப்பு முதல் ஆவணத்தின் அணுகல்தன்மையைச் சோதிக்கும் வசதியும் உண்டு. படத்துக்கு விளக்கம் எழுதாமல் விட்டிருந்தால் அது சுட்டிக்காட்டும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லிப்ரேஆபிஸ் தன் மரத்தை உள்ளே ஒரே மாதிரிதான் வளர்க்கிறது. வெளியே சொல்லும்போது விண்டோஸுக்கு ஒரு மொழி, லினக்ஸுக்கு ஒரு மொழி, மேக்குக்கு ஒரு மொழி என்று பெயர்த்துச் சொல்கிறது. மூன்று பெயர்ப்பும் ஒரே தரத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் "எனக்கு நன்றாகப் பேசுகிறது" என்று யாராவது சொன்னால், எந்த இயங்குதளம், எந்தத் திரைவாசிப்பான், எந்தப் பதிப்பு என்று மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரிதாளுக்கு வருவோம். இங்கேதான் மாற்று மென்பொருள்கள் அதிகம் திணறும். ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு அழகான கணக்கு இருக்கிறது.

லிப்ரேஆபிஸ் கால்க் தாளில் 10,48,576 வரிசைகள். நெடுவரிசைகள் நெடுங்காலம் 1,024ஆக இருந்தன. பெருக்கினால் ஒரு தாளில் சுமார் 107 கோடி கட்டம். மரத்தில் ஒவ்வொரு கட்டமும் ஒரு இலை. திரைவாசிப்பான் "உனக்கு எத்தனை பிள்ளைகள், ஒவ்வொன்றாகக் காட்டு" என்று கேட்டால் தாள் எண்ணிக்கொண்டே இருக்கும், கணினி உறைந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு குறி வைத்திருக்கிறார்கள். "என் பிள்ளைகளை நீ எண்ணாதே. இப்போது எந்தக் கட்டத்தில் கர்சர் நிற்கிறதோ அதை மட்டும் நானே உனக்குச் சொல்கிறேன்" என்று தாள் முன்கூட்டியே அறிவித்துவிடும்.

2022இல் வந்த 7.4 பதிப்பில் நெடுவரிசைகள் 16,384 ஆயின. எக்செலில் செய்த பெரிய தாள்களைத் திறக்க அது தேவைப்பட்டது. இப்போது ஒரு தாளில் சுமார் 1,718 கோடி கட்டம். 32 பிட் முழு எண்ணில் அடங்கும் பெரிய எண்ணோ சுமார் 214 கோடிதான். பிள்ளைகளின் வரிசை எண்ணை அந்தச் சின்னப் பெட்டிக்குள் போட்டால் வழிந்துவிடும். தூரத்து நெடுவரிசையில் உள்ள கட்டத்துக்குத் தப்பான எண் வரும். ஆகவே லிப்ரேஆபிஸின் உள்ளே அந்த எண்ணை 64 பிட்டுக்கு மாற்றினார்கள். கண்ணால் பார்ப்பவருக்கு இந்த மாற்றத்தில் எதுவுமே தெரியாது. இப்படிக் கண்ணுக்குத் தெரியாத வேலையைச் செய்கிறவர்கள் இருக்கும் மென்பொருளைத்தான் நான் நம்புகிறேன்.

கூகுள் டாக்ஸின் கதை வேறு. அது உலாவிக்குள் ஓடுகிறது. இணையப் பக்கத்தில் தலைப்பு, இணைப்பு எல்லாம் இயல்பாகவே மரத்தில் இருக்கும் என்பதால் அங்கே சிக்கல் குறைவாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் 2021இல் டாக்ஸ் தன் எழுத்துகளை கேன்வாஸ் என்ற வெற்றுப் பலகையில் தானே வரையத் தொடங்கியது. பலகையில் இருப்பது மறுபடியும் புள்ளிக் கூட்டம்தான். அதனால் திரைவாசிப்பானுக்கென்று தனியாக வேறொரு வழியில் எழுத்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்த வழி திறக்க வேண்டுமென்றால் கன்ட்ரோல், ஆல்ட், இசட் மூன்றையும் சேர்த்துத் தட்டி, திரைவாசிப்பான் ஆதரவை இயக்க வேண்டும். டாக்ஸ் படிக்கவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தது, என்விடிஏ இணையப் பக்கத்தில் உலாவும் நிலையில் இருந்தால் நீங்கள் தட்டும் எழுத்தெல்லாம் ஆவணத்துக்குப் போகாமல் கட்டளையாகிவிடும். என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்ஸர்ட்) ஸ்பேஸ் தட்டி நிலையை மாற்ற வேண்டும். நாலு பேர் சேர்ந்து ஒரே ஆவணத்தில் எழுத டாக்ஸ் வசதியானது. இணையம் மெதுவாக இருக்கும் ஊரில் தினசரி வேலைக்கு அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல மாட்டேன்.

வெறுமனே எழுதத்தான் வேண்டும் என்றால் நோட்பேடே போதும். அதில் தவறிப்போக ஒன்றும் இல்லை. தலைப்புக்கு முன்னால் ஒரு கட்டக்குறி (#), தடித்த எழுத்துக்கு இருபுறமும் இரண்டிரண்டு நட்சத்திரக்குறி என்று மார்க்டவுன் முறையில் எழுதிவிட்டு, பேன்டாக் என்ற இலவசக் கருவியிடம் கொடுத்தால் ஒழுங்கான வேர்டு கோப்பாக்கித் தரும். தலைப்பு தலைப்பாகிவிட்டதா என்று திரையில் சரிபார்க்க யாரையும் கூப்பிட வேண்டாம். குறி உங்கள் கையாலேயே போட்டது, காதாலேயே கேட்டது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எந்த மென்பொருளைத் தேர்ந்தாலும் இது பின்னாலேயே வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். பாமினியில் 'தமிழ்' என்று தட்டியதைத் திரைவாசிப்பானை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று கேட்கும். மரம் சரியாக இருக்கிறது, பாலம் சரியாக இருக்கிறது, சொல்ல வேண்டிய சொல்தான் அங்கே இல்லை. ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினால் ஒழிய எந்தக் குரலாலும் அதைப் படிக்க முடியாது. ஒருங்குறியில் இருந்துவிட்டால் என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் தமிழைப் படிக்கும், விண்டோஸில் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரலும் இருக்கிறது. ஈஸ்பீக்கின் இயந்திரத் தொனி புதியவர்களுக்குப் பிடிப்பதில்லை. வேகத்தைக் கூட்டிக் கேட்டுப் பழகியவர்கள் அதை விட்டு மாறுவதும் இல்லை.

சரி, ஒரு புது மென்பொருளை எப்படிச் சோதிப்பது? திரைவாசிப்பானை ஆதரிக்கிறோம் என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். நீங்கள் உண்மையில் வேலை செய்யும் கோப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அம்புக்குறியால் எழுத்தெழுத்தாக, வரிவரியாக நகருங்கள். கர்சர் நிற்கும் இடமும் காதில் விழுவதும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். என்விடிஏ விசையோடு எஃப் தட்டினால் எழுத்தின் வடிவமைப்பைச் சொல்ல வேண்டும். தலைப்பில் நிற்கும்போது தலைப்பு, நிலை 1 என்று வர வேண்டும். வெறும் "எழுத்து அளவு 16" என்று மட்டும் வந்தால் அது பெரிதாக்கிய பத்தி, அவ்வளவுதான். வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, பிழைதிருத்தும் பெட்டி அதையும் அது சொல்லும் பரிந்துரைகளையும் படிக்கிறதா என்று கேளுங்கள். பலதும் கவிழ்வது இந்தப் பெட்டியில்தான். கடைசியாக, சேமித்து, அந்தக் கோப்பை உங்கள் அலுவலகத்தில் எல்லாரும் வைத்திருக்கும் மென்பொருளில் திறந்து பாருங்கள். மவுஸைத் தொடாமல் இவ்வளவையும் முடித்துவிட்டால் அது உங்களுக்கு ஆகும்.

அக்கா இதைச் செய்து பார்த்தார். பாடக் குறிப்புகள் நோட்பேடுக்குப் போயின. வினாத்தாளை லிப்ரேஆபிஸ் ரைட்டரில் செய்து வேர்டு வடிவத்தில் சேமித்தார். 'பொருத்துக' கேள்வியைப் பார்வையுள்ளவர்கள் ஸ்பேஸ் தட்டித் தட்டி இரண்டு பத்தியாக ஒப்பேற்றுவார்கள். அவர் அட்டவணை போட்டார், டேப் தட்டத் தட்ட ஒவ்வொரு கட்டமாகப் படித்தது. மதிப்பெண் பட்டியலை மட்டும் பள்ளிக் கணினியில் எக்செலிலேயே வைத்துக்கொண்டார். வினாத்தாள் மூன்றாம் நாளே போய்விட்டது.