போட் ஓடவே இல்லை, அப்புறம் எதுக்கு சர்வீஸ்?

சிங்கப்பூர் மரினாக்களில் போட் எஞ்சின் பார்ப்பது என் தொழில். இந்த மாதமும் அதே வசனத்தைக் கேட்டாயிற்று: “இரண்டு வருஷத்தில் 40 மணி நேரம்கூட ஓட்டலையே, எஞ்சின் எப்படிச் சூடாகும்?” குசு தீவுக்குக் குடும்பத்தோடு கிளம்பியவர், பாதி வழியில் அலாரம் அடித்து, இன்னொரு போட் இழுத்து வந்து சேர்ந்தார்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பைத் திறந்தேன். உள்ளே சுழன்று தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரில் இரண்டு இறக்கைகளைக் காணோம். மிச்சம் இருந்தவை ஒரே பக்கமாக மடங்கி விறைத்திருந்தன. விரலால் நிமிர்த்தினால் ஒவ்வொன்றின் அடியிலும் வெடிப்பு. ஓடித் தேய்ந்தது இல்லை இது. மடங்கியபடியே மாதக்கணக்கில் நின்றதில் ரப்பர் செத்துவிட்டது. காணாமல்போன துண்டுகள், எஞ்சின் சூட்டைக் கடல்நீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயை அடைத்துக்கொண்டிருந்தன. (புது இம்பெல்லரை மாட்டிவிட்டு, உடைந்த துண்டுகளைத் தேடாமல் மூடுகிற மெக்கானிக்குகளும் உண்டு. துண்டு எங்கே என்று கேளுங்கள்.)

ஐயா, உங்கள் காரை ஷெட்டில் விட்டால் சும்மா நிற்கும். போட் சும்மா நிற்பதே இல்லை, இரவும் பகலும் உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஜிங்க் (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் கரைவதற்காகவே மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி) கரையும். அது தீர்ந்ததும் அடுத்துக் கரைவது ப்ரொபெல்லரைச் சுழற்றும் டிரைவின் அலுமினியம். கரை மின்சாரத்தை மாட்டிவிட்டுப் போகிறீர்களா? எர்த் கம்பியில் கசியும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் இல்லையென்றால், அந்தக் கம்பி வழியாகப் பக்கத்து போட்டுக்கும் சேர்த்து உங்கள் ஜிங்க் கரையும். புகையும் கடல்நீரும் கலந்து வெளியேறும் வளைகுழாய், அதாவது எக்ஸாஸ்ட் எல்போ, வெளியே பெயிண்டோடு பளபளக்கும், உள்ளே உப்பு அரித்துக்கொண்டிருக்கும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் நேராக சிலிண்டருக்கு. பாதி காலியான டீசல் டேங்கின் சுவரில் வியர்த்த தண்ணீர் அடியில் தங்கும். அதில் கிருமி வளர்ந்து ஃபில்டரில் கறுப்புக் கூழாக வந்து நிற்கும். பெரும்பாலான கையேடுகளில் “இத்தனை மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ” என்றுதான் இருக்கிறது. நம் ஆட்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

“வாராவாரம் பெர்த்தில் கட்டினபடியே பத்து நிமிஷம் ஸ்டார்ட் பண்றேனே” என்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். லோடு இல்லாமல் ஐடிலில் ஓடும் டீசல் எஞ்சின் சரியாகச் சூடே ஆகாது; கரிதான் படியும். வெளியே எடுத்துப்போய் அரை மணி நேரமாவது ஒழுங்கான வேகத்தில் ஓட்டுங்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? வருஷத்துக்கு ஒரு இம்பெல்லர், ஓடியதோ இல்லையோ. படகில் ஒரு ஸ்பேர், அதைக் கழற்றி மாட்டத் தெரிந்த ஒரு ஆள். ஜிங்க் பாதி கரைந்ததும் மாற்றுங்கள். தயவுசெய்து அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். கடல்நீர் உள்ளே வரும் வால்வை, அதாவது சீகாக்கை, மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள், இல்லையென்றால் அவசரத்துக்குக் கைப்பிடி திரும்பாது. போட்டின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் மிதவை ஸ்விட்சைக் கையால் தூக்கிப் பாருங்கள். பெட்ரோல் இன்போர்டு (போட்டுக்குள்ளேயே இருக்கும் எஞ்சின்) என்றால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிஷம், உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியை வெளியேற்றும் புளோயர் ஓடட்டும். இதில் பேச்சே இல்லை. ஸ்டார்ட் ஆனதும் முதலில் பின்பக்கம் போய் எக்ஸாஸ்டில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். கயிறை அவிழ்ப்பதெல்லாம் அப்புறம்.

நடுக்கடலில் அலாரம் அடித்தால் “கொஞ்ச தூரம்தானே” என்று த்ராட்டிலைத் தள்ளாதீர்கள். அந்தக் கொஞ்ச தூரத்தில் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். ஐடிலுக்கு இறக்கி, கப்பல் பாதையை விட்டு ஒதுங்கி, எஞ்சினை நிறுத்துங்கள். இங்கே நீரோட்டம் போட்டைத் திரும்பவும் கப்பல்கள் பக்கமே தள்ளிக்கொண்டு போகும், அதனால் உடனே ஆங்கர் போடுங்கள், அப்புறம் வி.எச்.எஃப். ரேடியோவில், அவசர அழைப்புக்கான சானல் 16-ல் கூப்பிடுங்கள். ஆங்கர் லாக்கரில் பார்பிக்யூ அடுப்பும் ஃபெண்டர்களும் அடுக்கி வைத்திருந்தால், கிளம்பும் முன்பே எடுத்து வேறு இடத்தில் வையுங்கள்.