என்டிட்டி, நிறுவனம் ஆகாது

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கணினிப் பயிற்சி வகுப்பு. திரையில் ஒரு வரி: "நிறுவன வகைகள்: ஆள், இடம், தேதி." பக்கத்தில் இருந்த பையன், "ஆள் எப்படி சார் நிறுவனம் ஆவான்?" என்றான். நியாயமான கேள்வி. ஆங்கிலத்தில் 'என்டிட்டி' (entity) என்றிருந்ததை 'நிறுவனம்' என்று மொழிபெயர்த்ததால் வந்த வினை. இந்த ஓராண்டில் இதே பிழையை நான் நான்கைந்து முறை பார்த்துவிட்டேன்.

திரையில் இருந்தது, பயிற்றுவித்து முடித்த ஒரு மாதிரியின் விவரம். மாதிரி என்றால் இங்கே, எழுத்தில் வரும் ஆள், இடம், தேதி போன்றவற்றைக் கண்டறியப் பழக்கிய கணினி நிரல். எழுத்தை அலசும் அமேசானின் கம்பிரிஹெண்ட் சேவை தரும் தரவுக் கட்டமைப்பு அது. மாதிரி எத்தனை ஆவணங்களைப் படித்துப் பயின்றது, எத்தனை ஆவணங்களில் சோதிக்கப்பட்டது, என்ன மதிப்பெண் பெற்றது, எந்தெந்த என்டிட்டி வகைகளை அறியும் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

என்டிட்டி என்ற சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'இரு' என்னும் வினையடியில் பிறந்தது. இருப்பது எதுவோ அது என்டிட்டி. 'நேம்டு என்டிட்டி' என்ற தொடர் 1995இல் நடந்த ஆறாவது எம்.யு.சி. மாநாட்டில் நிலைபெற்றது. கணினி செய்திகளைப் படித்துத் தகவல் எடுப்பதை ஆராய்ந்த மாநாடு அது. ஆள், நிறுவனம், இடம் ஆகியவற்றின் பெயர்களோடு தேதி, நேரம், பணத்தொகை, விழுக்காடு ஆகியவற்றையும் அங்கே கண்டறியச் சொன்னார்கள்.

ஆக, நிறுவனம் அந்தப் பட்டியலில் ஓர் உறுப்பு. உறுப்பின் பெயரைத் தலைப்புக்கு வைப்பது, கடைப் பலகையில் 'இட்லி வகைகள்' என்று எழுதி அடியில் தோசை, பூரி, இட்லி என்று போடுவதற்குச் சமம். பிழையின் வேர் சட்டத்தில் இருக்கிறது. வரிப் பாரங்களிலும் ஒப்பந்தங்களிலும் என்டிட்டி என்பது பெரும்பாலும் கம்பெனியைக் குறிக்கும். அங்கே பழகிய சொல்லை யோசிக்காமல் இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். "முருகன் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போனார்" என்ற வாக்கியத்தில் ஆள் உண்டு, நாள் உண்டு, இடம் உண்டு, நிறுவனம் எங்கே?

'உருபொருள்' என்று எழுதுவோரும் உண்டு. 'நிறுவன'த்தைவிட நூறு மடங்கு மேல். ஆனாலும் 31 ஆகஸ்ட் 1957க்கு என்ன உரு? 50 ரிங்கிட் என்ற தொகைக்கு என்ன உரு? 'பெயர்' என்று மட்டும் சொன்னால் போதாதா என்றால், போதாது. காப்புறுதிப் பாலிசி எண்ணையும் ஒரு வகையாகச் சேர்த்து மாதிரியைப் பயிற்றுவிக்கலாம். அது பெயர் அல்ல.

எனக்குச் சரியாகப் படுவது 'உள்பொருள்'. உள்ளது எதுவோ அது உள்பொருள். மூலச் சொல்லின் பொருளும் அதுவே. நமக்குப் புதிதும் அல்ல. இல்பொருள் உவமையணியைப் பள்ளியில் படித்த எவருக்கும் அதன் மறுதலை விளங்கும். 'உள்ளே இருக்கும் பொருள்' என்று சிலர் மயங்கலாம். 'உள்ளவர்', 'உள்ளது' என்று அன்றாடம் பேசும் நமக்கு அந்த மயக்கம் நீடிக்காது. அந்த வரி 'உள்பொருள் வகைகள்: ஆள், இடம், தேதி' என்றிருந்தால் பையன் கேட்டிருக்கவே மாட்டான்.

அதே திரையில் மதிப்பெண் வரிசையில் 'நினைவுகூர்தல்' என்றும் இருந்தது. ஆங்கிலத்தில் ரீகால். கண்டறிய வேண்டியவற்றில் எத்தனை பங்கை மாதிரி கண்டறிந்தது என்ற கணக்கு அது. 100 ஊர்ப்பெயர்களில் 80 அகப்பட்டால் 80 விழுக்காடு. இதில் யார் எதை நினைவுகூர்ந்தார்கள்? 'கண்டறிந்த பங்கு' என்று எழுதியிருக்கலாம். மொழிபெயர்ப்பவர் அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்திருந்தாலே இந்தச் சொல் அவர் கைக்கு வந்திருக்கும்.