ஹெர்ரிங் மரபணுக்களில் இயற்கைத் தேர்வைத் தேடும்போது

மீன்களின் டி.என்.ஏ. தரவுகளோடு என்னிடம் வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான வரைபடத்தைத்தான் காட்டுகிறார்கள்: கீழே நெருக்கமாகக் கிடக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகள், அவற்றுக்கு மேலே தனித்து நிற்கும் சில. ஒவ்வொரு புள்ளியும் டி.என்.ஏ.வின் ஓர் இடம்; அந்த இடத்தில் இரண்டு மீன் கூட்டங்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே அதன் உயரம். அந்தச் சில புள்ளிகளே இயற்கைத் தேர்வுக்குச் சான்று என்ற முடிவையும் கூடவே கொண்டுவருகிறார்கள். அந்த முடிவு அவ்வளவு எளிதில் கைக்கு வருவதில்லை.

இரண்டு மீன் கூட்டங்கள் மரபணு அளவில் விலகிச் செல்வதற்குத் தேர்வு வேண்டியதே இல்லை. எந்த முட்டை பிழைக்கிறது என்ற தற்செயல் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தாலே போதும். ஆனால் தற்செயல் மரபணுத்தொகை (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.) முழுவதையும் பொதுவாகப் பாதிக்கிறது, தேர்வோ குறிப்பிட்ட இடங்களையே பற்றிக்கொள்கிறது. ஆகவே பெரும்பான்மையிலிருந்து விலகி நிற்கும் இடங்களைத் தேடுகிறோம்.

நம் மத்திக்குத் தூரத்து உறவான ஹெர்ரிங் மீன் இதற்கு வாய்ப்பான இனம். அட்லாண்டிக் ஹெர்ரிங்கையும், உப்பு மிகக் குறைந்த பால்டிக் கடலில் வாழும் ஹெர்ரிங்கையும் 1980-களில் புரத வகைகளைக் கொண்டு ஒப்பிட்டபோது வேறுபாடு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது. ஹெர்ரிங்கைப் போல எண்ணிக்கை மிகப் பெரிதாக இருக்கும்போது தற்செயலின் கை தளர்ந்துவிடுகிறது. பின்னர் முழு மரபணுத்தொகையையும் படித்தபோதுதான், உப்புத்தன்மையோடும் முட்டையிடும் பருவத்தோடும் தொடர்புடைய நூற்றுக்கணக்கான இடங்கள் வெளிப்பட்டன.

பொறிகள் பல. 10 லட்சம் இடங்களை 0.05 என்ற வரம்பில், அதாவது தற்செயலாகவே தேறிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்து என்ற அளவில், சோதித்தால், தேர்வே இல்லாதபோதும் சுமார் 50,000 இடங்கள் தேறிவிடும். குரோமோசோமின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தால், அதற்குள் இருக்கும் மரபணுக்கள் ஒன்றாகவே அடுத்த தலைமுறைக்குப் போவதால், வரைபடத்தில் எல்லாம் சேர்ந்தே உயர்ந்து நிற்கும். அவற்றுள் எது காரணம் என்று சொல்ல இயலாது. ஒருமுறை என்னிடம் வந்த தரவில், ஒரு கடலின் மாதிரிகள் ஒரு தவணையிலும் மற்றதன் மாதிரிகள் வேறு தவணையிலும் படிக்கப்பட்டிருந்தன. இரண்டையும் கலந்து மறுபடி படித்தபோது, மிக உயரமான புள்ளியே காணாமல் போயிற்று.

பால்டிக் ஹெர்ரிங்கில், பார்வைக்குரிய ரொடாப்சின் புரதத்தில் கிடைத்த சான்று வேறு தரத்தது. அதன் 261-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் டைரோசின் என்ற வேறொன்று வந்தால், அந்தப் புரதம் உறிஞ்சும் ஒளி 10 நானோமீட்டர் வரை சிவப்புப் பக்கம் நகர்கிறது. பால்டிக் நீருக்குள் இறங்கும் ஒளியும் அப்படியே சிவப்புப் பக்கம் சாய்ந்தது. 2019-இல் வெளியான ஆய்வு, 2,056 மீன் இனங்களை ஒப்பிட்டு, ஒளிச்சூழல் மாறியபோது இதே மாற்றம் குறைந்தது 20 முறை தனித்தனியே நிகழ்ந்திருப்பதைக் காட்டியது. புள்ளியியல், புரதத்தின் வேலை, நீரின் இயல்பு, பிற இனங்களின் வரலாறு ஆகிய நான்கும் இங்கே ஒன்றையே சொல்கின்றன. முதலாவது மட்டும் கையில் இருக்கும்போது, “தேர்வுக்கு உட்பட்டிருக்கக்கூடிய இடம்” என்று எழுதினால் போதும் என்று மாணவர்களிடம் சொல்கிறேன்.