வாக்கு வங்கி: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

தேர்தல் நெருங்கினால் சென்னைத் தொலைக்காட்சி விவாதங்களில் ஓயாமல் அடிபடும் சொல் ‘வாக்கு வங்கி’. ஒரு கட்சிக்கு அப்படியே கொத்தாக விழும் என்று நம்பப்படுகிற சாதி அல்லது மதத்தாரின் ஓட்டு என்பதே இன்றைய பொருள். பிறந்தபோது அதற்கு இந்தப் பொருள் இல்லை.

சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். எழுத்தில் அதற்கு ராம்புரா என்று மாற்றுப்பெயர் வைத்தார். 1955இல் வெளியான அவருடைய கட்டுரையில்தான் இந்த ஆங்கிலத் தொடர் வருகிறது. அங்கே வங்கி என்பது சாதி அல்ல, ஆள். நிலமுள்ள பெரியவர் ஒருவர். அவரை அண்டிக் குத்தகைக்காரர், கூலியாட்கள், கடன்பட்டவர்கள். ஓட்டுக் கேட்டு டவுனிலிருந்து வருபவர் வீடுவீடாக ஏறமாட்டார். பெரியவரைப் பார்த்தால் போதும். அவர் சொல்லுக்கு விழும் ஓட்டில் பல சாதியும் இருக்கும். ஒரே சாதி இரண்டு பெரியவர்களுக்கிடையே பிரிந்தும் கிடக்கும். ‘ஆதிக்கச் சாதி’ என்ற கருத்தைப் பரப்பியவரும் சீனிவாஸ்தான். அவருடைய இரண்டு கருத்துகளையும் பிற்காலத்தார் ஒன்றாகக் குழைத்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

சொல்லமைப்பைப் பார்த்தால், வாக்கு வடமொழி ‘வாக்’ என்பதன் வழி வந்தது. பேச்சு, உறுதிமொழி என்பன அதன் பழைய பொருள்கள். ‘ஓட்டு’ ஆங்கிலச் சொல் தமிழ் நாக்கில் திரிந்தது. வங்கிக்குத் தனித்தமிழார் ‘வைப்பகம்’ என்கிறார்கள். ‘வாக்கு வைப்பகம்’ என்று மாற்றினாலும் மயக்கம் தீராது, ஏனென்றால் குழப்பம் ஒலியில் இல்லை, பொருளில். ஊரில் யாரும் வங்கி என்று பேசுவதில்லை. “அவர் கையில இருநூறு ஓட்டு இருக்கு” என்பார்கள். சீனிவாஸ் சொன்னது அச்சாக இதுதான். எழுத்துக்குக் ‘கையடை வாக்கு’ என்பது என் பரிந்துரை. கையடை என்றால் ஒருவர் பொறுப்பில் ஒப்படைத்தது. இராமனை விசுவாமித்திரனிடம் தசரதன் ஒப்படைக்கும் பகுதிக்குக் கம்பராமாயணத்தில் கையடைப் படலம் என்றே பெயர். சாதி பார்த்து விழுவதைச் சாதி ஓட்டு என்றும், ஆளைப் பார்க்காமல் கட்சிச் சின்னத்துக்கே விழுவதைச் சின்னத்து ஓட்டு என்றும் வெளிப்படையாகச் சொல்லலாம்.

கையடை வாக்கையும் சின்னத்து ஓட்டையும் பிரித்துப் பார்க்க ஆவணம் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும் படிவம் 20 அது. வாக்குச்சாவடிக்கு ஒரு வரி; வேட்பாளர்வாரியாக விழுந்த ஓட்டு, நோட்டா, மொத்தம் எல்லாம் அதில் இருக்கும். முதலில் வாக்காளர் பட்டியலில் ஊரின் பாக எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்; ஒரு சாவடிக்குரிய பட்டியல்தான் ஒரு பாகம். பட்டியலின் முகப்பில் அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்கள் வரிசையாக இருக்கும். அதைப் படிக்காமல் எண்ணுக்குத் தாவுவதுதான் பலரும் செய்யும் பிழை. பெரிய ஊர் இரண்டு மூன்று பாகமாக உடைந்திருக்கும். இரண்டு குக்கிராமம் ஒரே பாகத்தில் அடங்கியும் இருக்கும். தேர்தலுக்குத் தேர்தல் சாவடிகள் மறுசீரமைக்கப்படுவதால் பாக எண் இடம்மாறும். 2021இன் 87ஆம் பாகம் 2024இலும் அதே ஊர்தான் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு மொத்தமும் கோணும். தபால் ஓட்டு எந்தச் சாவடியிலும் சேராது, தனி வரியில் வரும்.

பிறகு ஊர்ப் பிரமுகர் கட்சி மாறிய ஆண்டைப் பிடித்து, அதற்கு முன்னும் பின்னும் வந்த தேர்தல்களை ஒப்பிட வேண்டும். ஓட்டு அவரோடு நகர்ந்திருந்தால் கையடை வாக்கு. நகராமல் பழைய சின்னத்திலேயே நின்றால் சின்னத்து ஓட்டு. கூட்டணி மாற்றம் நடந்த ஆண்டென்றால் இந்தச் சோதனை பலிக்காது, வேறு ஆண்டைத் தேட வேண்டும். சாதியைப் பற்றிப் படிவம் 20 ஒன்றுமே சொல்லாது. ‘இந்தச் சாதி இத்தனை சதவீதம் போட்டது’ என்பவர்கள் கருத்துக்கணிப்பையோ தங்கள் ஊகத்தையோதான் சொல்கிறார்கள்.

சின்னத்து ஓட்டும் அசைக்க முடியாததல்ல. வடசென்னை ஆர்.கே.நகரில் 2017 டிசம்பர் இடைத்தேர்தலில் இரட்டை இலையில் நின்ற மதுசூதனனைச் சுயேச்சையாகப் பிரஷர் குக்கரில் நின்ற தினகரன் தோற்கடித்தார்.

சென்னையைச் சுற்றிய கிராமங்களில் கையடை வாக்கு மெலிந்ததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறுகிறவருக்கு ஊர்ப் பெரியவரிடம் கூலியும் இல்லை, கடனும் இல்லை. தொலைவில் ஊர் இருந்து சென்னையில் பிழைப்பவர்கள் இன்னொரு வகை: பெயர் ஊர்ப் பட்டியலில் இருக்கும், ஆள் இங்கே இருப்பார். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு பஸ் கிடைக்காவிட்டால் அந்த ஓட்டு யார் கையிலும் இல்லை. அதனால் சதவீதத்தைப் பதிவான ஓட்டில் மட்டும் பார்க்காமல் பட்டியலில் உள்ள மொத்தப் பேரோடும் ஒட்டிப் பார்க்க வேண்டும்.

கையடை வாக்கு இன்னும் உயிரோடு இருக்கும் இடம் ஊராட்சித் தேர்தல். அங்கே வாக்காளர் நான்கு சீட்டுகளில் முத்திரை குத்துகிறார்: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒரே வாக்காளர் தலைவர் சீட்டில் பங்காளிக்கும் மாவட்டச் சீட்டில் கட்சிக்கும் குத்துவது சாதாரணம். அந்த முடிவை வைத்துச் சட்டமன்றத் தேர்தலைக் கணிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.