சாக்ஸபோனில் சுருதி எப்படி வளைகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜான் கோல்ட்ரேனின் 'கோல்ட்ரேன் பிளேஸ் தி ப்ளூஸ்' கேட்டேன். சாக்ஸபோனில்தான் ஒவ்வொரு சுரத்துக்கும் கீ இருக்கிறதே, அப்புறம் அந்த அழுகுரல் எங்கிருந்து வருகிறது?"

அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் கோல்ட்ரேன் வாசித்து, 1960 அக்டோபர் 24 அன்று நியூயார்க்கில் பதிவாகி, 1962இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ஆல்பம் அது. நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசை வடிவமான ப்ளூஸின் உயிர் காந்தாரத்தில், அதாவது 'க' சுரத்தில் இருக்கிறது. பியானோவின் நடு ஸி-யை ஸட்ஜமாக வைத்தால் அதன் தாழ்ந்த வடிவமான 'சாதாரண காந்தாரம்' 311 ஹெர்ட்ஸ், உயர்ந்த வடிவமான 'அந்தர காந்தாரம்' 330. ப்ளூஸ் பாடகர் இரண்டுக்கும் நடுவே எங்கோ இழைவார். அந்த இடத்தில் பியானோவுக்குக் கட்டையே கிடையாது.

சாக்ஸபோன் இயங்கும் விதம் தெரிந்ததுதான். நாகஸ்வரத்தின் சீவாளிக்கு இரண்டு நாக்கு, இதற்கு ஒன்று. ஊதினால் நாணல் துடிக்கும், கூம்புக் குழாய்க்குள் இருக்கும் காற்று அதிரும். எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் குழாயே முடிவு செய்கிறது.

அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. கீழுதட்டின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் நாணல் இளகி ஆடும். குழாய் சற்று நீண்டுவிட்டது போலக் காற்றுக்குத் தோன்றும், சுருதி இறங்கும். விரல் அந்தர காந்தாரத்தில் இருக்கும்போதே ஒலி மட்டும் வழுக்கும்.

இன்னொன்றும் உண்டு. நாணலுக்கு ஒரு பக்கம் பித்தளைக் குழாய், மறுபக்கம் வாசிப்பவரின் வாயும் தொண்டையும். அதுவும் குழாய்தானே! குரல் எழுப்பாமல், வெறும் காற்றாக "ஈ... ஊ..." என்று கிசுகிசுத்துப் பாருங்கள். ஒலி மேலிருந்து கீழே சரியும். குரல்நாண் அதிரவே இல்லை. நாக்கும் உதடும் நகர்ந்ததில் வாயின் ஒத்ததிர்வு, அதாவது உள்ளிருக்கும் காற்று இயல்பாக அதிரும் சுருதி, மாறியது, அவ்வளவுதான். நாணல் இந்த இரண்டு குழாய்களின் பேச்சையும் கேட்கிறது. கீழ் ஸ்தாயியில் பித்தளையின் குரல் ஓங்கியிருக்கும். மேலே போகப் போக அது பலவீனமாகும். அங்கே தொண்டை சொல்வது எடுபடும்.

சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் இதை அளந்தே பார்த்தார்கள். டெனர் சாக்ஸபோன் ஊதும்போதே வாய்க்குள் ஒலியைச் செலுத்தி அளந்தால், உச்ச சுரங்களில் தேர்ந்த கலைஞர்கள் தங்கள் வாயின் ஒத்ததிர்வைச் சுரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கற்றுக்குட்டிகளால் அது முடியவில்லை, அந்தச் சுரங்களும் எட்டவில்லை. 2008இல் முடிவுகள் வெளியாயின. "சாக்ஸபோன்காரர் வாயை அளக்க ஆராய்ச்சிப் பணமா?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம் என்பேன். 'தெய்வீக மூச்சு' என்று கும்பிட்டுவிட்டு நகர்வதைவிட, நாக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் கற்றுக்கொள்பவனுக்காவது உபயோகம்.

சரி, மறுபடி கேட்கும்போது 'ப்ளூஸ் டு பெஷே'யிலிருந்து தொடங்குங்கள். 1959இல் மறைந்த ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் நினைவாக, அவருடைய வாத்தியமான சொப்ரானோ சாக்ஸபோனில் வாசித்தது. அதில் பியானோ கிடையாது. பேஸும் டிரம்ஸும் மட்டும்தான். 311, 330 என்று குறுக்கே அடித்துச் சொல்ல ஆளில்லாததால், சுருதி வழுக்குவது துல்லியமாகக் காதில் விழும்.